மதினி காவல் காத்த தேயிலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. ராஜபாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். தமிழில் எடுத்த மதிப்பெண்ணை இங்கே சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம், இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் இருவரும் என்னைத் திட்டுவார்கள். அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போல் கடல் தாண்டி வந்து பிழைக்கிறவர்களுக்கும் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பினாங்குக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இங்கே எல்லாமே பழகிவிட்டது, ஒன்றைத் தவிர. இந்த ஊர்ச் சீனர்கள் தேநீரைக் குடித்து முடித்த பிறகு வெறும் கோப்பையை எடுத்து முகர்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையின் உச்சந்தலையை முகர்வதுபோல முகர்வார்கள். நான் வேலை பார்க்கும் கடையில் இது தினமும் நடக்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ராஜபாளையத்தில் மருத்துவமனைக்குக் கட்டுத்துணி நெய்கிற கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். காலை பதினோரு மணிக்குத் தூக்குவாளியில் டீ வரும். தறிச் சத்தத்துக்கு நடுவில் நின்றபடியே குடிப்போம். அங்கே வெறும் தம்ளரை யாராவது முகர்ந்தால், அது சரியாகக் கழுவவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

தேயிலைக் கடை என்றதும் பாய்லரையும் வடைத் தட்டையும் நினைத்துவிடாதீர்கள். இங்கே பாலும் இல்லை, சீனியும் இல்லை. வெறும் இலைதான். அதுவும் பழைய இலை. நம் ஊரில் பழைய அரிசிக்கு மதிப்பு இருப்பதுபோல இவர்களுக்குப் பழைய தேயிலை. பத்து வருடம், இருபது வருடம், முப்பது வருடம் என்று வைத்திருந்து குடிக்கிறார்கள். அந்தக் கடையை நடத்தும் அம்மாவை எல்லோரும் 'ஆ சோ' என்று கூப்பிடுவார்கள். அண்ணன் மனைவியைக் கூப்பிடும் முறை அது. நம் ஊரில் மதினி என்போமே, அதுதான். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர்.

என் வீட்டுக்காரரின் தாத்தா சோழபுரத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். அந்தச் சொந்தத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர் பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறார். வந்த புதிதில் நான் வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை ஊமை என்று நினைத்திருந்தார்கள். அந்த ஊமைத்தனத்துக்காகவே ஆ சோ என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். பேசாத ஆள் தேயிலைக் கிடங்குக்கு நல்லது என்றாராம். ஒரே ஒரு நிபந்தனை. தலையில் தேங்காய் எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, பூ கூடாது. இலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். கட்டுத்துணிக் கம்பெனியில்கூடப் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவள் நான். பினாங்கில் தினமும் காலையில் பூ வாங்குவேன். கடைக்கு எதிரே இருக்கும் அரசமரத்துப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு, வெறுந்தலையோடு உள்ளே போவேன். அந்தப் பிள்ளையார் என்னால் நன்றாக இருக்கிறார்.

தேயிலை பற்றி எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் நடந்தது புரியும். எங்கள் கடையில் இரண்டு வகைதான் முக்கியம். ஒன்று பூ-அர். இலையை ஆவியில் வேகவைத்து, வட்ட வில்லையாக அழுத்தி, காகிதத்தில் சுற்றி வைப்பார்கள். அது மூச்சு விட வேண்டும். நிழலில், மெல்லிய காற்றில், வேறு வாசனை இல்லாத இடத்தில் இருந்தால் வருடத்துக்கு வருடம் கசப்புத் தணிந்து இனிப்பு ஏறும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஓர் இனிப்பு வருமே, அதுபோல. இன்னொன்று ஊலாங். சுருட்டிய இலை. அதற்குக் காற்றும் ஆகாது, ஈரமும் ஆகாது. ஜாடியில் இறுக்கி மூடி வைக்க வேண்டும். எப்படி மூடினாலும் சில வருடத்தில் இலை நமுத்துப் போகும். அப்போது எடுத்துக் கரித் தணலில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடியும் மூட வேண்டும். வறுக்காமல் விட்டால் புளித்துப் போகும். கடையில் அந்த வறுவல் வேலை ஆ சோவின் வீட்டுக்காரருடையது. அவர் இறந்த பிறகு அதைச் செய்ய ஆள் இல்லை. ஆ சோவுக்குத் தணலைத் தொடவே பயம். கருகிவிட்டால் அவர் கையால் வாங்கி வைத்தது போய்விடுமே என்று ஜாடிகளைத் திறக்காமலே வைத்திருந்தார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழையில் கிடங்கின் கூரை ஒழுகியது. நிறைய இலை பூசணம் பிடித்துப் போனது. அப்போதுதான் ஆ சோ முடிவெடுத்தார், எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைக்கக் கூடாது என்று. இதுபோலத் தேயிலை சேர்ப்பவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். "உன் ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். மலை பக்கத்தில், கடல் தூரத்தில் என்றேன். நான் ஊருக்குக் கிளம்பும்போது மூன்று பூ-அர் வில்லைகளையும் ஒரு ஊலாங் ஜாடியையும் கொடுத்தார். அந்த ஊலாங் அவருக்குக் கல்யாணமான வருடம் அவர் வீட்டுக்காரர் வாங்கியது. இரண்டு ஜாடி இருந்தது. ஒன்று பினாங்கில், ஒன்று எங்கள் வீட்டில் என்று பிரித்தார். "சிம்பான்," என்றார். மலாயில் பத்திரமாக வை என்று அர்த்தம். வில்லை மூச்சு விட வேண்டும், ஜாடியைத் திறக்கக் கூடாது. சொன்னது இவ்வளவுதான்.

என் அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் ஒரு மில்லில் காவல் வேலை பார்க்கிறான். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் கோயில் பக்கம். மதினி முத்துலட்சுமிக்குப் பிறந்த ஊர் தேவதானம். வயலும் களமுமாக வளர்ந்தவர். அன்றைக்கு நான் பொட்டலத்தைப் பிரித்ததும் அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"ஏட்டி, பிளேன்ல எருவாட்டியா கொண்டாந்த?"

"எருவாட்டி இல்ல அண்ணே, டீ."

"இதுவா? மாடு ஒண்ணுதான் குறைச்சல்."

மதினி சிரிக்கவில்லை. மூன்றையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வைத்துக்கொண்டார். நான் ஆ சோ சொன்னதை அப்படியே சொன்னேன். "வில்ல காத்தாட இருக்கணும் மதினி. ஜாடியத் தொறக்க வேண்டாம்." அதற்கு மேல் விளக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் விருந்தாளியாகப் போய், அந்த வீட்டுக்காரியிடமே எதை எப்படி வைக்க வேண்டும் என்று நீட்டி முழக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மதினி எல்லாவற்றையும் அண்ணனின் பட்டாளத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு மூன்று தடவை ஊருக்குப் போனேன். மூன்று தடவையும் "அது பத்திரமா இருக்கா மதினி?" என்று கேட்டேன். "இருக்கு" என்றார். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. சொன்னால் சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாரே.

இதற்கிடையில் பினாங்கில் இருந்த மற்ற ஜாடியை ஆ சோ ஒருநாள் திறந்தார். அவர் வீட்டுக்காரரின் நினைவு நாள் அது. மூடியைத் தூக்கியதும் பழைய புளிப் பானையின் வாசனை வந்தது. ஒரு வாய் குடித்தார். மீதியைக் கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தார். ஆக, மிச்சம் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஒரு ஜாடிதான்.

இந்த வருடம் ஆ சோவின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் வழக்கத்தில் மணமக்கள் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுப்பார்கள். அதுதான் கல்யாணத்தின் முக்கியமான சடங்கு. தகப்பன் இல்லாத இடத்தில் அவர் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை வைக்க வேண்டும். அவர் வாங்கிய தேயிலையை, அவர் கல்யாணத்து வருடத்துத் தேயிலையை, வைக்க வேண்டும் என்று ஆ சோவுக்கு ஆசை. "நானே வருகிறேன். அது இருந்த அறையை நான் பார்க்க வேண்டும்," என்றார்.

திருச்சியில் இறங்கிக் கார் பிடித்து வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆ சோ கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். பினாங்கிலிருந்து துண்டில் சுற்றிக் கொண்டுவந்த மூடிக் கிண்ணத்தையும் சின்னக் கோப்பைகளையும் எடுத்து வைத்தார். அண்ணன் மில்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்திருந்தான். கூடவே பால்கோவாவும். ஆ சோ பால்கோவாவை இரண்டு கையாலும் வாங்கி ஓரமாக வைத்தார். இனிப்புச் சாப்பிட்டால் நாக்கு மந்தமாகிவிடும் என்று அவருக்கு.

"ஏட்டி, நம்ம ஊரு பால்கோவாவ ஓரங்கட்டிட்டாவளே?"

"டீ குடிச்சுட்டுச் சாப்புடுவாவ அண்ணே."

"அதச் சொல்லு. கசப்புக்குப் பொறவு இனிப்பு. வெவரமானவிய."

மதினி இரும்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வெள்ளை வேட்டித் துணியில் மூன்று மூட்டை. "இந்தா, மூணும் அப்படியே இருக்கு. வருஷம் தவறாம வத்தல் காயப்போடுதப்ப இதையும் மாடில காயப்போட்டு எடுத்துருவேன். ரெண்டு நாளு நல்ல வெயிலு. ஒரு பூச்சி அண்டல பாத்துக்கோ," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

வெயில்தான் பூ-அருக்கு எமன். அதுவும் மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில், பதினோரு கோடை. அந்த வார்த்தைகள் என் காதுக்கு வந்துவிட்டன. என் வழியாகத்தான் அவை ஆ சோவுக்குப் போக வேண்டும். நான் அனுப்பவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று ஆ சோ கேட்டார்.

"நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்கிறார்," என்றேன். அது பொய் இல்லை.

ஆ சோ துணியைப் பிரித்தார். காகிதத்தில் இருந்த சிவப்புச் சீன எழுத்து வெளுத்து, பழைய குங்குமக் கறைபோல ஆகியிருந்தது. முகர்ந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். மெல்லிய கத்தியால் ஓரத்தில் நெம்பினார். பெயர்ந்து வர வேண்டிய இலை பொடியாக உதிர்ந்தது. கொதிநீர் ஊற்றி, முதல் நீரைக் கொட்டினார்.

"ஐயையோ, மொதத் தண்ணியக் கொட்டிட்டாவளே! அதுலதான சத்து இருக்கும்!" என்று மதினி பதறினார்.

இரண்டாவது நீரைக் கோப்பைகளில் ஊற்றினார். நானும் குடித்தேன். நிறம் இருந்தது, உள்ளே ஆள் இல்லை. வெந்நீரில் காகிதத்தை ஊறவைத்த மாதிரி ஒரு தட்டையான சுவை. கடைசியில் தொண்டையில் மெல்லிய மிளகாய்க் கமறல். ஆ சோ கோப்பையைக் கீழே வைத்தார். முகர்ந்து பார்க்கவில்லை.

"மத்தாஹாரி," என்றார். சூரியன் என்று அர்த்தம். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"என்ன சொல்லுதாவ?" என்றார் மதினி.

"நல்லா இருக்காம் மதினி."

"நல்லா இருந்தா ஏன் கீழ வச்சுட்டாவ? நாக்குல பட்டதும் மூஞ்சி மாறுனத நான் பாக்கலயா? நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து பாக்கேன், உனக்குப் பொய் வராது சாந்தி. உள்ளதச் சொல்லு."

சொன்னேன். வெயில் படக் கூடாது என்றும், வற்றல் வாசனை ஏறிவிட்டது என்றும், இந்த மூன்றும் இனி ஆகாது என்றும் சொன்னேன். மதினியின் முகம் சிவந்தது.

"காத்தாட வைக்கச் சொன்னது நீதானட்டி? காத்தாட வைக்கதுன்னா மாடில வைக்காம, மடியில போட்டு விசிறிக்கிட்டா இருப்பாவ? பதினோரு வருஷமா ஒத்த ஆளா மேல ஏறி எறங்கி, காக்காயக்கூட அண்ட விடாம உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அண்ணன் பால்கோவாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆ சோவிடம் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, சரியாக விளக்காமல் போனேன் என்றேன். அவர் உதிர்ந்த பொடியைக் கையால் கூட்டித் துணியில் போட்டார். பிறகு, "நீ மூன்று தடவை இங்கே வந்தாய். ஒரு தடவை முகர்ந்து பார்த்திருக்கலாமே," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு, "ஜாடி?" என்றார். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூரை ஒழுகியபோதுகூட.

முன்னமே பெட்டியிலிருந்து எடுத்து அடுக்களையில் வைத்திருந்த ஜாடியோடு மதினி வாசலில் வந்து நின்றார். கூடத்துக்குள் வரவில்லை.

"இதையும் சொல்லிருதேன். பொறவு தெரிஞ்சு பேச்சு வாங்க என்னால ஏலாது. இதையும் நான் சும்மா விடல. தொறக்க வேண்டாம்னுதான் சொன்ன. ஆனா உள்ள வண்டு வச்சிருந்தா என்ன பண்ணுதது? ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா தொறந்து பாப்பேன். கையில அள்ளுனா நமுத்த மாதிரி இருக்கும். ரவைய வறுத்து வைக்கமாதிரி இதையும் வறுத்து வச்சேன். மூணு தடவையோ நாலு தடவையோ. தப்புன்னா தப்புதான். அவியகிட்ட சொல்லிரு."

இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வண்டு, ரவை, நமுத்தது, எல்லாம். ரவைக்கு மலாயில் சொல் தெரியாமல் கையால் காட்டினேன். ஆ சோ என் பேச்சை முடிக்க விடவில்லை.

"எதில் வறுத்தார்?"

"மண் சட்டிலதான். இரும்புச் சட்டின்னா தாளிச்ச வாட அடிக்கும்லா?"

"நெருப்பு?"

"நெருப்பு எங்க வச்சேன். கொல்லயில வெந்நீர் அடுப்பு இருக்கு. குளிச்சு முடிச்ச பொறவு தணல் கெடக்கும். அதுல சட்டிய வச்சு, செத்த நேரத்துக்கு ஒருக்கா கையால பெரட்டி விடுவேன். மத்தியானம் வரைக்கும் கெடக்கும். நான் அதுபாட்டுக்கு அரிசி பொடைச்சுக்கிட்டு இருப்பேன்."

இதை நான் சொல்லச் சொல்ல ஆ சோ எழுந்து நின்றுவிட்டார். ஜாடியை மதினியின் கையிலிருந்து வாங்கினார். மதினி அதன் வாயில் பாலித்தீன் பையைப் போட்டுப் பூக்கட்டும் நாரால் இறுக்கியிருந்தார். முடிச்சை அவிழ்க்க ஆ சோவால் முடியவில்லை. மதினியே பல்லால் கடித்து அவிழ்த்தார். ஆ சோ ஜாடிக்குள் மூக்கை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் அவர் நிமிரவில்லை.

அவர் இலை போட்டு ஊற்றினார். நீர் தேன் நிறத்தைத் தாண்டி, கருப்பட்டிப் பாகின் நிறத்தில் இருந்தது. குடித்தார். பிறகு வெறும் கோப்பையை எடுத்து, கண்ணை மூடி, முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். காய்ந்த இலந்தைப் பழம், பழைய மரப்பெட்டி, எங்கோ அடியில் சுக்கு. புளிப்பு இல்லை. என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அந்த வெறுங்கோப்பை எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை.

ஆ சோ அதை வாங்கி மதினியிடம் நீட்டினார்.

"வெறுங்கிண்ணத்த எதுக்குத் தாராவ? கழுவவா?"

"மோந்து பாருங்க மதினி."

மதினி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "நம்ம வெந்நீர் அடுப்பு மணக்குது," என்றார் சந்தேகமாக. "வேற என்னமோவும் மணக்குது."

ஆ சோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் வீட்டுக்காரர் வறுப்பதுபோல இல்லை," என்றார். "அவர் இன்னும் கொஞ்சம் கருக விடுவார். இது இளசு. ஆனால் உயிரோடு இருக்கிறது. என் ஜாடி நான் சொன்னபடி மூடியே இருந்தது, செத்துப் போனது. இவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. அதனால் இருக்கிறது." இதை நான் தமிழில் சொன்னதும் மதினி, "கேக்காம இருந்ததுக்கு என்னப் பாராட்டுன மொத ஆளு இவியதான்," என்றார். "ஒங்க அண்ணன் முப்பது வருஷமா இதுக்குத்தான் வைதுக்கிட்டு இருக்காரு."

பிறகு நடந்ததில் எனக்கு வேலையே இல்லை. ஆ சோ அந்த அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் கொல்லைக்குப் போனார்கள். மதினி தணலைக் கிளறிச் சாம்பலால் மூடினார். சட்டியை வைத்து, புறங்கையைச் சட்டிமேல் காட்டி, சூடு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். ஆ சோ பயந்து கையை இழுத்தார். மதினி அந்தக் கையைப் பிடித்து மறுபடியும் வைத்தார். ஒருவர் தமிழில் பேசினார், ஒருவர் ஹொக்கியன் சீனத்தில் பேசினார். இருவருக்கும் புரிந்தது. இருபத்திரண்டு வருடமாக இரண்டு பக்கமும் அரைகுறையாகப் பேசித் திரிகிற நான், கொல்லை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு வேலை கொடுத்த மதினி ஒரு பக்கம், என் பிறந்த வீட்டுக் கதவை எனக்காகத் திறந்தே வைத்திருக்கும் மதினி ஒரு பக்கம். இரண்டு பேர் முதுகையும் பார்த்தபடி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இதை எழுத வந்தேன்.

கெட்டுப்போன வில்லைகளில் ஒன்றை மட்டும் ஆ சோ எடுத்துக்கொண்டார். வெயில் பட்டால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளர்களுக்குக் குடிக்கக் கொடுத்துக் காட்டலாமாம். மீதி இரண்டும் அண்ணன் பாடு. இஞ்சி தட்டிப் பால் ஊற்றி ஒரு தம்ளர் போட்டுக் குடித்தான். "இப்பத்தான் இது டீ," என்றான்.

ஊலாங்கை ஆ சோ இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைக் கல்யாணத்துக்குப் பைக்குள் வைத்தார். மறு பாதியை ஜாடியிலேயே விட்டு, மூடி, மதினியின் கையில் கொடுத்தார். "சிம்பான்," என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. மதினி தலையாட்டினார்.

பிறகு ஆ சோ ஜாடியில் ஒரு சீட்டை ஒட்டி, அதில் எழுத உட்கார்ந்தார். எங்கள் கடையில் சீட்டு இல்லாமல் எந்த இலையும் இருக்காது. வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மலையில் விளைந்தது என்று. இரண்டாவது கேள்வி, இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று. விளைந்த இடம் ஒரு வரி, இருந்த இடம் ஒரு வரி. ஒன்றை மட்டும் எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். ஆ சோ மேலே சீனத்தில் மலையின் பெயரை எழுதினார், வருடத்தை எழுதினார், பினாங்கு என்று எழுதினார். பேனாவை என்னிடம் கொடுத்தார். "உன் ஊரை நீ எழுது. வைத்திருந்தவர் பெயரையும் எழுது."

ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது அந்தச் சின்னச் சீட்டுக்கு நீளமான பெயர். பாதியிலேயே இடம் முடிந்துவிட்டது. சீட்டைத் தாண்டி ஜாடியின் மேலேயே எழுதிக்கொண்டு போனேன். 'புத்தூர்' ஜாடியின் பக்கவாட்டில் போய் முடிந்தது. அதற்குக் கீழே முத்துலட்சுமி என்று எழுதினேன். பைக்குள் போகிற பாதிக்கும் அதே மாதிரி எழுதினேன். மதினி தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த சீன எழுத்தை விரலால் தடவினார்.

ஜாடியை மூடிப் பெட்டியில் வைத்த பிறகு, மதினி காலையில் கட்டி வைத்திருந்த மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்தார். எனக்கு வைக்க வந்தவர், ஆ சோவைப் பார்த்துத் தயங்கினார். ஆ சோ என்னையும் பூவையும் பார்த்தார். "எல்லாம் மூடியாகிவிட்டது. வைத்துக்கொள்," என்றார். இருபது வருடத்தில் அவர் முன்னால் நான் பூ வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான். மிச்சம் இருந்ததை மதினி இரண்டாக நறுக்கி, ஒரு துண்டை ஆ சோவின் குட்டைத் தலைமுடியில் ஊசி குத்தி வைத்தார்.

மறுநாள் காலை திருச்சிக்குக் கார் வந்தது. மாடியில் கொத்தமல்லி விதை காயப்போட்டிருந்ததாலும் வானம் மூட்டமாக இருந்ததாலும் மதினி காவலை விட்டுக் கீழே இறங்கி வரவில்லை.